நள்ளிரவிலும் கைக்கு வரும் பணம்

வீட்டுக் கணக்கு – 11

அவசரத்துக்கென்று ஒரு குடும்பம் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று போன வாரம் பார்த்தோம். மாதம் 50,000 ரூபாய் செலவாகும் வீட்டுக்கு ஆறு மாதச் செலவு, அதாவது 3 லட்சம் ரூபாய் என்ற கணக்குக்கு வந்து சேர்ந்தோம். ஒரே நாளில் சேர்கிற தொகை அல்ல அது. ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம் என்றும் சொல்லியிருந்தேன். அப்படி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை எங்கே வைப்பது? இந்த வாரம் அதைப் பேசுவோம்.

நம் ஊரில் இதற்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. சம்பளம் வந்து விழும் சேமிப்புக் கணக்கிலேயே அதையும் கிடக்க விடுவது ஒன்று. "சும்மா கிடக்கிற காசுதானே" என்று தெரிந்தவருக்கு ரெண்டு வட்டிக்குக் கொடுத்து வைப்பது இன்னொன்று. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். வட்டி மாதாமாதம் ஒழுங்காகவே வரும். அசலைத் திருப்பிக் கேட்கும்போதுதான் சங்கடம் தொடங்கும். வாங்கியவர் மிகவும் நாணயமானவராகவே இருக்கட்டும். அவர் அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டிருப்பார், அல்லது மகள் கல்யாணத்துக்குச் செலவழித்திருப்பார். நம் வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற ராத்திரியில் அவர் கல்லாவில் 3 லட்சம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமே இல்லை.

சேமிப்புக் கணக்கில் கிடப்பதற்கு அந்த ஆபத்து கிடையாது. அங்கே வேறு விதமான இழப்பு. அது எவ்வளவு பெரியது என்று பலரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதில்லை.

சேமிப்புக் கணக்குக்கான வட்டியை 2011 அக்டோபர் வரை ரிசர்வ் வங்கிதான் நிர்ணயித்தது. நாடு முழுவதும் எல்லா வங்கியிலும் ஒரே விகிதம்; கடைசியாக அது 4 சதவீதமாக இருந்தது. அந்த மாதம் ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டை நீக்கி, அவரவர் விருப்பப்படி கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. சில தனியார் வங்கிகள் உடனே 5.5, 6 சதவீதம் என்று ஏற்றின. போட்டியில் எல்லா வங்கியும் ஏற்றும் என்று அப்போது எதிர்பார்த்தவர்கள் உண்டு. பெரிய வங்கிகள் ஏற்றவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறக்கவும் செய்தன. 2025 ஜூனில் பாரத ஸ்டேட் வங்கி, எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. மூன்றுமே 2.5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. எவ்வளவு குறைத்தாலும் நாம் பணத்தை வேறு இடத்துக்கு மாற்ற மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். சம்பளம், கேஸ் மானியம், கடன் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம் எல்லாம் அந்த ஒரு கணக்கைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கின்றன.

இப்போது நம் 3 லட்சத்துக்கு வருவோம். முழுவதும் 2.5 சதவீதத்தில் கிடந்தால் வருடத்துக்கு 7,500 ரூபாய் வட்டி. அதில் 50,000-ஐ மட்டும் சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டு, மீதி இரண்டரை லட்சத்தை ஆறேகால் சதவீதம் தரும் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால் இரண்டும் சேர்ந்து 16,875 ரூபாய். வித்தியாசம் 9,375. பிள்ளையின் ஒரு பருவப் பள்ளிக் கட்டணத்தில் பாதியோ, வீட்டின் வருடாந்திர மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் ஒரு பகுதியோ அதில் அடங்கும். எந்தக் கூடுதல் ஆபத்தும் இல்லாமல், அதே வங்கியில், அதே கிளையில் கிடைக்கக்கூடிய பணம் அது. இதை விட்டுக்கொடுக்கக் காரணமே இல்லை.

ஆனால் அதற்கு மேல் இன்னொரு சதவீதத்தைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டரை லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்பது வருடத்துக்கு 2,500 ரூபாய், மாதம் 208. அந்த 208 ரூபாய்க்காக ஊர் பேர் தெரியாத இடத்தில் அவசரப் பணத்தைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வேறு பணத்துக்கு வேறு நியாயம் இருக்கலாம். பதினைந்து வருடம் கழித்து வேண்டிய ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு சதவீதம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும். இங்கே வராது.

அவசரம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் யோசித்தால், பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது தானாகவே தெளிவாகும். ஆஸ்பத்திரி அவசரம் வேகமாக வரும். இரண்டாவது சனிக்கிழமை ராத்திரி அட்மிஷன் கவுன்ட்டரில் 50,000 கட்டச் சொல்வார்கள். வங்கி திறக்க திங்கட்கிழமை காலை ஆகும். காப்பீடு இருந்தாலும் ஒப்புதல் வரும்வரை முன்பணம் கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. வேலை போவது வேறு மாதிரி. அது பெரிய அடிதான், ஆனால் பணம் ஒரே நாளில் கரைவதில்லை. வாடகை, மளிகை, தவணை என்று மாதம் மாதமாகக் கரையும். ஆகவே 3 லட்சமும் நள்ளிரவிலேயே கைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. ஒரு மாதச் செலவோ சற்றுக் கூடுதலோ அந்த ராத்திரிக்குத் தயாராக இருந்தால் போதும். அடுத்த ஒரு லட்சம் ஓரிரு நாளில் வரலாம். மீதி ஒரு வாரம் தாமதித்தாலும் குடி முழுகாது.

பிரித்தாயிற்று. அந்த இரண்டரை லட்சத்தை டெபாசிட்டில் போடச் சொன்னால் உடனே வரும் மறுப்பு, "எஃப்.டி.யை இடையில் உடைத்தால் நஷ்டமாச்சே!" என்பது. இந்தப் பயம்தான் லட்சக்கணக்கான குடும்பங்களின் பணத்தை இரண்டரை சதவீதத்தில் கட்டிப் போட்டிருக்கிறது. உண்மையில் என்ன நடக்கிறது? ஒரு லட்சத்தை ஒரு வருடத்துக்கு ஆறேகால் சதவீதத்தில் போடுகிறீர்கள். நான்காவது மாத முடிவில் உடைக்க வேண்டி வருகிறது. வங்கி உங்களுக்கு ஆறேகாலைத் தராது. நீங்கள் டெபாசிட் போட்ட அன்று நான்கு மாத டெபாசிட்டுக்கு என்ன விகிதம் இருந்ததோ அதை எடுத்துக்கொள்ளும். அது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதில் அபராதமாக அரை சதவீதத்தைக் கழித்து, நாலரை சதவீதம் கொடுக்கும். நான்கு மாதத்துக்கு 1,500 ரூபாய். அதே ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால் 833 ரூபாய். உடைத்த பிறகும் உங்களுக்கு லாபம்தான். அசலில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஏழு நாளுக்குள் உடைத்தால் மட்டும் வட்டியே கிடைக்காது. அப்போதும் அசல் முழுவதும் வந்துவிடும். அபராதம் வங்கிக்கு வங்கி மாறும்; பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதத்துக்குள் இருக்கும். சில வங்கிகள் குறிப்பிட்ட தொகை வரை வாங்குவதே இல்லை.

முதிர்வுக்கு முன் உடைக்கவே முடியாத டெபாசிட் என்று ஒரு வகையும் உண்டு. ஆனால் தனிநபர் ஒருவர் ஒரு கோடி ரூபாய் வரை போடும் எந்த டெபாசிட்டிலும் இடையில் எடுக்கும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி செய்துவிட்டது. நம் 3 லட்சத்துக்கு அந்தக் கவலை வேண்டாம்.

இரண்டரை லட்சத்தையும் ஒரே ரசீதாகப் போடாதீர்கள். ஐம்பதாயிரம், ஐம்பதாயிரமாக ஐந்து ரசீதுகள் போடுங்கள். ஒன்று உடைத்தால் மற்ற நான்கும் தம் வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும். இன்று வங்கியின் செயலியிலேயே ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகூட டெபாசிட்டை முடித்து, பணத்தைச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவரும் வசதி பல வங்கிகளில் இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை: டெபாசிட்டைச் செயலி வழியாகவோ இணைய வங்கி வழியாகவோ போட்டிருக்க வேண்டும். கிளையில் போய்க் காகித ரசீது வாங்கியிருந்தால், உடைக்கவும் கிளைக்குப் போகச் சொல்லும் வங்கிகள் உண்டு. வயதானவர்கள் காகித ரசீதையே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். அவசரப் பணத்துக்கு மட்டும் அது வேண்டாம் என்பேன்.

இதையே வங்கி தானாகச் செய்து தருவதற்கு ஆட்டோ ஸ்வீப் என்று பெயர். ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கும். ஸ்டேட் வங்கியில் மல்டி ஆப்ஷன் டெபாசிட் என்பார்கள். சேமிப்புக் கணக்கில் ஒரு வரம்புக்கு மேல் சேரும் பணம் தானாக டெபாசிட்டாக மாறும். நீங்கள் ஏ.டி.எம்.மில் எடுத்தாலும் யு.பி.ஐ.யில் அனுப்பினாலும், கணக்கில் இருப்பது போதாவிட்டால், தேவையான அளவுக்கு மட்டும் டெபாசிட் உடைந்து வரும். ஆயிரம் ரூபாயின் மடங்காக உடையும் ஏற்பாடு இருப்பதால் 12,000 வேண்டுமென்றால் முழு லட்சமும் உடையாது. நான் பார்த்தவரை, நடுத்தரக் குடும்பத்தின் அவசரப் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. வங்கிகள் இதைப் பெரிதாக விளம்பரப்படுத்துவதும் இல்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்கும்போது சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகைக்கு மேல் ஸ்வீப் ஆகும்? எத்தனை மாத டெபாசிட்டாக மாறும்? மிகக் குறுகிய காலத்துக்குப் போட்டால் வட்டி சேமிப்புக் கணக்கை ஒட்டியே இருக்கும். ஒரு வருடத்துக்குக் குறையாமல் வையுங்கள். எடுக்கும்போது எந்த டெபாசிட் முதலில் உடையும்? கடைசியாகப் போட்டது முதலில் உடைவது நமக்கு நல்லது. பழைய டெபாசிட்டுகள் சேர்த்த வட்டி அப்படியே நிற்கும். இன்னொரு முக்கியமான விஷயம், சம்பளக் கணக்கிலேயே ஸ்வீப் வைக்காதீர்கள். மாதக் கடைசிச் செலவுக்கெல்லாம் டெபாசிட் உடைந்துகொண்டே இருக்கும். அவசரப் பணம் எது, மளிகைப் பணம் எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். தனியாக ஒரு கணக்குத் தொடங்குங்கள். கனரா வங்கி, இந்தியன் வங்கி உள்ளிட்ட பல பொதுத்துறை வங்கிகள் 2025-இல் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் போடும் அபராதத்தைக் கைவிட்டுவிட்டன. ஆகவே கூடுதலாக ஒரு கணக்கு வைத்திருப்பது இன்று சுமையே அல்ல.

உடைக்கவும் மனமில்லை, முதிர இன்னும் இரண்டே மாதம் என்றால், டெபாசிட்டின் மீதே கடன் வாங்கலாம். பொதுவாக டெபாசிட் தொகையில் 90 சதவீதம் வரை, டெபாசிட் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் அதிக வட்டியில் தருவார்கள். கைமாற்று வாங்கி முகம் சுண்டுவதைவிட இது மேல்.

தபால் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். அங்கே சேமிப்புக் கணக்குக்கு இன்றும் 4 சதவீதம். பெரிய வங்கிகளைவிட ஒன்றரை அதிகம், அரசே பொறுப்பு. ஆனால் வங்கிகள் 2010 ஏப்ரல் முதல் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிடுகின்றன. தபால் அலுவலகத்தில் மாதத்தின் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 25-ஆம் தேதி ஒரு லட்சம் எடுத்தால், அந்த ஒரு லட்சத்துக்கு அந்த மாத வட்டி முழுவதும் போய்விடும். அங்கே ஒரு வருட டைம் டெபாசிட்டுக்கு 2025-இல் 6.9 சதவீதம் தந்தார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு எடுக்கவே முடியாது; ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் ஆவதற்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். மிக நல்ல சேமிப்பு அது. அவசரத்துக்கு ஆகாது.

அடுத்து லிக்விட் ஃபண்ட். மியூச்சுவல் ஃபண்டில் பழக்கமுள்ளவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். 91 நாளுக்குள் முதிரும் அரசுப் பத்திரங்கள், வங்கி, நிறுவனக் கடன் பத்திரங்களில் மட்டும் போடும் நிதி இது. ஏழு நாளுக்குப் பிறகு வெளியேறக் கட்டணம் இல்லை; அதற்கு முன்பும் மிகச் சொற்பமே. வருமானம் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை ஒட்டி நகரும். ரெப்போ 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதத்திலிருந்து இறங்கத் தொடங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது, லிக்விட் ஃபண்ட் வருமானமும் கூடவே இறங்கியது. முன்பு மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் வரியில் பெரிய சலுகை இருந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு போட்ட பணத்துக்கு அதுவும் கிடையாது. உங்கள் வருமான வரம்புக்கு உரிய வரிதான். எடுக்கும்போது மட்டும் வரி என்பது ஒரு சிறு வசதி.

எடுக்கிற வழியைப் பார்ப்போம். வேலை நாளில் மாலை 3 மணிக்குள் கேட்டால் அடுத்த வேலை நாளில் பணம் வரும். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குக் கேட்டால் செவ்வாய்க்கிழமைதான். உடனடியாக எடுக்கும் வசதி சில நிதிகளில் இருக்கிறது. அதற்கு ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அல்லது உங்கள் முதலீட்டில் 90 சதவீதம், எது குறைவோ அதுவே உச்சவரம்பு. தாமதித்தாலும் பரவாயில்லை என்று நாம் ஒதுக்கிய பகுதிக்கு இது சரிப்படும். ஆனால் இதில் வங்கி டெபாசிட்டுக்கு இருப்பதுபோல் காப்பீடு கிடையாது. 2017 பிப்ரவரியில் ஒரு லிக்விட் ஃபண்டின் மதிப்பு, அது வைத்திருந்த ஒரு நிறுவனக் கடன் பத்திரத்தின் தரம் சரிந்ததால், ஒரே நாளில் சுமார் 7 சதவீதம் விழுந்தது. 2020 ஏப்ரல் 23 அன்று, கொரோனா ஊரடங்கின் நடுவில், ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் பத்திர நிதிகளை மூடியது. அவற்றில் லிக்விட் ஃபண்ட் இல்லை. ஆனால் அவற்றில் ஒன்று அல்ட்ரா ஷார்ட் பாண்ட் வகை; சேமிப்புக் கணக்குக்கு மாற்று என்று நம்பிப் பலர் அதில் பணம் வைத்திருந்தார்கள். பிற்பாடு பணம் திரும்பி வந்தது, தவணை தவணையாக. மக்கள் வேலையிழந்து தவித்த மாதங்களில் அது வரவில்லை. என் தீர்ப்பு இதுதான்: ஏற்கெனவே மியூச்சுவல் ஃபண்டில் புழங்குகிறவர்கள், அவசரப் பணம் ஐந்தாறு லட்சத்தைத் தாண்டுகிறவர்கள், ஒரு பகுதியைப் பெரிய லிக்விட் ஃபண்ட் ஒன்றில் வைக்கலாம். மற்றவர்களுக்கு ஸ்வீப் டெபாசிட்டே போதும்.

இனி பாதுகாப்பு. சென்னைக்கு இதில் பழைய வடு ஒன்று இருக்கிறது. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான அர்பத்நாட் நிறுவனம் திவாலானது. ஓய்வுபெற்றவர்கள், விதவைகள், வக்கீல்கள், ஜமீன்தார்கள் என்று பலதரப்பட்டவர்களின் பணம் அதில் முடங்கியது. அந்த அடியில் பிறந்ததுதான் 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி. ஆனால் போட்ட பணத்துக்குக் காப்பீடு என்ற எண்ணம் சட்டமாக இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகே 1961-இல் சட்டம் வந்தது. 1962 ஜனவரி முதல் டெபாசிட் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று வரம்பு 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சம். பிறகு 27 வருடம் அப்படியே கிடந்து, 2020 பிப்ரவரியில் 5 லட்சமானது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, எத்தனை கிளையில் எத்தனை கணக்கு இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது.

நம் காலத்திலும் இது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை விதிக்கப்பட்டது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. பத்து நாளில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது, டெபாசிட்தாரர்கள் யாருக்கும் பணம் போகவில்லை. மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் பணம் வைத்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2019 செப்டம்பரில் முதலில் அனுமதிக்கப்பட்டது வெறும் 1,000 ரூபாய். வரம்பு படிப்படியாக உயர்ந்தாலும், தீர்வு வர 2022 ஜனவரி ஆயிற்று. இதற்கிடையே 2021-இல் சட்டம் திருத்தப்பட்டு, வங்கி முடங்கினால் காப்பீட்டுத் தொகையை 90 நாளுக்குள் தர வேண்டும் என்றானது. மிக நல்ல திருத்தம். ஆனால் 90 நாள் என்பது மூன்று மாதம். பணத்துக்குக் காப்பீடு இருக்கிறது, அந்த மூன்று மாதத்துக்கு இல்லை. அதனால்தான் 3 லட்சத்தை இரண்டு வங்கிகளில் பிரித்து வைக்கச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் 5 லட்சம் வரம்புக்குள் இருந்தாலும்கூட.

சிறு நிதி வங்கிகள் கூடுதல் வட்டி தருகின்றனவே என்று கேட்பார்கள். அவையும் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகள்தான். அதே 5 லட்சம் காப்பீடு உண்டு. ஒரு பகுதியை அங்கே வைப்பதில் தவறு காண மாட்டேன், முழுவதையும் வைக்க வேண்டாம். காப்பீடே இல்லாத இடங்களைத்தான் வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்குக் காப்பீடு உண்டு. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இல்லை. நிதி நிறுவனங்களின் டெபாசிட்டுக்கு இல்லை. நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்துக்கு இல்லை. சென்னையின் தனி அடையாளமான 'நிதி'களுக்கும் இல்லை. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில், முதிர்ந்த டெபாசிட் கைக்கு வரவில்லை என்று 2024-இல் முதியவர்கள் காவல்துறைக்குப் போக நேர்ந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. 150 வருடப் பெயரை நம்பி ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் அவர்கள். பெயரின் வயது பணத்துக்குக் காவல் ஆகாது என்பதை அந்த முதியவர்கள் தெருவில் நின்று தெரிந்துகொள்ள நேர்ந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கடைசியாக, பலர் யோசிக்காத ஒன்று: பணத்தை எடுக்கப்போகிறவர் யார்? டெபாசிட் கணவர் பெயரில் இருக்கிறது; கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். மனைவி வாரிசுதாரராகப் பதிவாகியிருக்கிறார். அதனால் அன்றைக்கு ஒரு பயனும் இல்லை, வாரிசு நியமனம் இறப்புக்குப் பிறகுதான் செல்லும். இருவர் பெயரிலும் கூட்டாகப் போட்டு, 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்று குறித்திருந்தால்? முதிர்ந்த பிறகு யாரேனும் ஒருவர் கையெழுத்தே போதும். முதிர்வுக்கு முன் உடைக்க, இருவரும் உயிரோடு இருக்கும்போது, இருவர் கையெழுத்தும் தேவைப்படும். மயக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து எப்படி வாங்குவது? எனவே அவசர டெபாசிட்டைப் பாதி கணவர் பெயரிலும் பாதி மனைவி பெயரிலும் தனித்தனியாகப் போடுங்கள். அவரவர் பங்கை அவரவர் எவரையும் கேட்காமல் எடுக்க முடியும். காப்பீடும் இருவருக்கும் தனித்தனியாக 5 லட்சம். வாரிசு நியமனத்தையும் விட்டுவிடாதீர்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

பெண்கள் வீட்டில் பணத்தைப் பத்திரப்படுத்துவதில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பது கடுகு டப்பாவுக்கும் அரிசிப் பானைக்கும் தெரியும். ஆனால் வங்கிச் செயலியின் கடவு எண் கணவரிடம் மட்டுமே இருக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். மனைவி தன் பெயரில் கணக்கு வைத்து, தன் கைபேசியில் செயலி வைத்து, தானே ஒரு முறையாவது டெபாசிட்டை உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். கைபேசி ஒன்றை மட்டும் நம்பவும் வேண்டாம். புதுக் கைபேசியில் யு.பி.ஐ.யைப் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு மிகச் சிறிய தொகையே அனுப்ப முடியும். சாதாரணமாக நாளுக்கு ஒரு லட்சம். மருத்துவமனைக்கு 5 லட்சம் வரை அனுமதி உண்டு. டெபிட் கார்டை அலமாரியில் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

அவசரக் கணக்குக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. அதை நாம் தொடுவதே இல்லை அல்லவா? இரண்டு வருடம் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கைச் செயலற்ற கணக்கு என்று வங்கி குறித்துவிடும். மறுபடி உயிர்ப்பிக்க கே.ஒய்.சி. ஆவணங்களோடு போய் நிற்க வேண்டும். மாதம் ஒரு முறை மின் கட்டணத்தையோ பால் கணக்கையோ அந்தக் கணக்கிலிருந்து கட்டுங்கள், அவ்வளவுதான்.

வரி விஷயம் சுருக்கமாக. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியில் வருடம் 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு. மூத்த குடிமக்களுக்கு டெபாசிட் வட்டியும் சேர்த்து 50,000 வரை. புதிய முறையில் இரண்டும் இல்லை. ஸ்வீப்பில் வரும் வட்டி டெபாசிட் வட்டியாகவே கணக்கிடப்படும். 3 லட்சத்துக்கு வரும் வட்டியில் இது பெரிய தொகை அல்ல. இதற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை.

"வீட்டில் நகை இருக்கிறதே, அதுவே அவசரத்துக்குப் போதாதா?" என்பவர்களுக்குப் பதில் நீளமானது. அடகுக் கடையிலும் வங்கியிலும் நகைக்கடன் எப்படி ஓடுகிறது, ஏலம் எப்போது வருகிறது என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சேமிப்புக் கணக்கில் இந்த நிமிடம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதச் செலவைவிட அதிகமாக இருந்தால், கிளைக்குப் போயோ செயலியைத் திறந்தோ ஸ்வீப் வசதியுள்ள தனிக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். போகும்போது வீட்டில் இன்னொருவரையும் அழைத்துப் போங்கள். அவர் பெயரிலும் ஒரு கணக்கு அன்றே தொடங்கட்டும்.